அப்பாவுக்கு முன்பே போன மீசை

ஒன்றை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். என் அப்பா காலமாவதற்கு ஆறு வருஷம் முன்பே நான் அவருக்காக மீசையை எடுத்துவிட்டேன். அந்த நேரத்தில் அவர் பட்டர்வொர்த் பக்கம், பாகான் டாலாமில் எங்கள் வீட்டு வாசலில் உட்கார்ந்து, கோப்பியில் ரொட்டியை நனைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

மீசைதானே, இதில் என்ன இருக்கிறது என்று கேட்பவர்கள் யாரும் எங்கள் வீட்டில் பிறக்கவில்லை. அப்பா உயிரோடு இருக்கும்போது பிள்ளை மேலுதட்டில் கத்தி வைக்கக் கூடாது. அது காரியம் செய்கிற அன்று வைக்க வேண்டிய கத்தி. (சினிமா நடிகர்களுக்கு மட்டும் அம்மா விலக்குக் கொடுத்திருந்தார், அதுவும் முனகிக்கொண்டே.) எங்கள் பக்கத்தில் ஒருவன் மழமழவென்ற உதட்டோடு பாசாருக்குப் போனால், மீன்காரர்கூட மீனைக் காட்டாமல் "யாருப்பா தவறிட்டாங்க?" என்றுதான் கேட்பார்.

இதெல்லாம் தெரிந்தும் எடுத்தேன். ஒரு கப்பலைப் பார்ப்பதற்காக. நூறு வருஷத்துக்கும் மேலாகக் கடலுக்கடியில் கிடக்கும் ஒரு பாய்மரக் கப்பல். அதன் மேல் ஆசைப்பட்டவர் அப்பா. அதனால் அவரிடமிருந்துதான் தொடங்க வேண்டும்.

அப்பா கடலில் வேலை பார்த்தவர். பட்டர்வொர்த்துக்கும் ஜார்ஜ்டவுனுக்கும் நடுவே ஓடும் ஃபெர்ரியில் முப்பத்தொரு வருஷம் இருந்தார். அக்கரை, இக்கரை, மறுபடி அக்கரை. ஓடிய தூரத்தை நீட்டிப் போட்டிருந்தால் உலகத்தையே சுற்றி வந்திருப்பார். ஆனால் அந்த மூன்று கிலோமீட்டரை ஒருநாளும் தாண்டியதில்லை. அதைவிடப் பரிதாபம், அவருக்கு வேலை எஞ்சின் அறையில். மேலே பயணிகள் காற்று வாங்கிக்கொண்டு படம் எடுத்துக்கொள்வார்கள். கீழே அப்பா எண்ணெய்த் துணியோடு இருட்டில் நிற்பார். சின்ன வயதில் நான், "கடல் இன்னைக்கு எப்படிப்பா இருந்துச்சு?" என்று கேட்டால், "சூடா இருந்துச்சு" என்பார்.

எஞ்சின் சத்தத்தில் அவருக்குக் காது போய்விட்டது. அதனால் எங்கள் வீட்டில் பாதிப் பேச்சு கையால்தான். அந்தச் சைகைகளெல்லாம் எஞ்சின் அறையிலிருந்து வீட்டுக்கு வந்தவை. முஷ்டியைக் காட்டினால் நிறுத்து. உள்ளங்கையைக் கீழ்நோக்கி ஆட்டினால் மெதுவாக. மூடிய கையைத் தலைக்கு மேல் தூக்கி விரல்களை விரித்தால் வெளிச்சம். விளக்கைப் போடு, விளக்கு எரிகிறது, விடிந்துவிட்டது, எல்லாவற்றுக்கும் அது ஒன்றுதான். அக்காவும் நானும் பேச ஆரம்பிப்பதற்கு முன்பே இதைக் கற்றுக்கொண்டோம் என்று அம்மா சொல்வார்.

வேலை ஓய்வுக்குப் பிறகு முழங்கால் போய், அப்பா வீட்டோடு ஆகிவிட்டார். கூடத்தில் முருகன் படத்துக்குப் பக்கத்தில் ஒரு மளிகைக் கடை நாட்காட்டிப் படம் மாட்டியிருந்தார். மூன்று பாய்மரம், அத்தனை பாயும் விரித்த கப்பல். தேதித் தாள்களெல்லாம் கிழிந்துபோய்ப் பல வருஷம் ஆகியும் படத்தை எடுக்க விடவில்லை. ஊதுவத்தி காட்டும்போது அம்மாவின் கை தவறி அந்தக் கப்பலுக்கும் காட்டிவிடும். பகலில் அப்பா அதைப் பார்த்தபடியே உட்கார்ந்திருப்பார். அந்தப் பார்வையைத் தாங்க முடியாமல்தான் நான் சாயங்காலங்களில் வெளியே சுற்றினேன் என்று இப்போது தோன்றுகிறது.

அப்படிச் சுற்றிய இடங்களில் ஒன்று நாசர் அண்ணேயின் முக்குளிப்பு வகுப்பு. நாசர் அண்ணே ஜார்ஜ்டவுன்காரர். குடும்பத்துச் சாப்பாட்டுக் கடையில் கறிச்சட்டிக்குப் பின்னால் நிற்க மாட்டேன் என்று கடலில் குதித்தவர். பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் என்னோடு வேலை பார்த்தவர்கள் நாலு பேர் அவரிடம் சேர்ந்தார்கள், நானும் சேர்ந்தேன். அப்போது எனக்கு முப்பத்துமூன்று வயது. கல்யாணம் ஆகவில்லை. முகத்தில் இருந்த ஒரே சொத்து மீசை. அதை நான் வளர்த்த விதத்தில் ஒரு மாமரத்தை வளர்த்திருந்தால் இன்றைக்குத் தெருவுக்கே பழம் கொடுத்திருக்கலாம்.

வகுப்பின் முதல் நாளே நாசர் அண்ணே அதைப் பார்த்துத் தலையை ஆட்டினார். முக்குளிக்கும்போது போடுகிற கண்ணாடி மூக்கையும் சேர்த்து மூடும். அதன் ரப்பர் விளிம்பு தோலோடு ஒட்ட வேண்டும். மூக்குக்குக் கீழே மயிர் இருந்தால் ஒட்டாது, தண்ணீர் கசியும். "மீசைய மட்டும் எடுத்துருங்க தம்பி, போதும்" என்றார். எங்கப்பா நல்லா இருக்காரு என்றேன் நான், கடுப்பாக. அவருக்கு அது புரிந்தது, அதற்குமேல் வற்புறுத்தவில்லை. மீசையில் வாஸ்லின் தடவிக்கொள்ளச் சொன்னார். நீச்சல் குளத்தில் அது எப்படியோ சமாளித்தது. தேர்ச்சி பெற்று அட்டையும் வாங்கிவிட்டேன்.

அந்த வருஷம் அக்டோபரில் நாசர் அண்ணே எங்களைக் கிழக்குக் கரைக்கு அழைத்துப் போவதாகச் சொன்னார். கரையிலிருந்து படகில் ஒன்றரை மணி நேரம் போனால் பவளத் தீவுகள். அதற்கு அப்பால், பதினேழு மீட்டர் ஆழத்தில், இரும்பு உடம்போடு ஒரு பாய்மரக் கப்பல் கிடக்கிறது. எஞ்சினே வைக்காத காலத்துக் கப்பல்.

இதை வீட்டில் காதோடு கத்திச் சொன்னபோது அப்பா தொலைக்காட்சியை அணைத்தார். (காது கேட்காவிட்டாலும் சத்தத்தை முழுசாக வைத்துத்தான் பார்ப்பார். அணைத்ததும் தெருவே அமைதியாகிவிட்டது.) எஞ்சின் கிடையாதா என்று திரும்பத் திரும்பக் கேட்டார். இல்லை என்று தலையை ஆட்டினேன்.  மறுநாள் காலையில் அப்பா என் சட்டையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தார்.

"பெர்ரியில நான் நின்ன எடம் இருக்கில்ல, அடியில. எஞ்சின் இல்லாத கப்பல்ல அந்த எடத்துல என்னா இருக்கும்? அதப் பாத்துட்டு வந்து சொல்லு."

படம் எடுத்து வரட்டுமா என்று கேட்டேன். படம்தான் சுவரில் இருக்கிறதே என்றார். நான் பார்த்துச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். என்னிடம் அவர் வாழ்க்கையில் கேட்டது அது ஒன்றுதான் என்பது அன்று எனக்கு உறைக்கவில்லை. "சரிப்பா, சரிப்பா" என்று எழுந்து போய்விட்டேன்.

புறப்படும்போது அம்மா ஒரு விபூதிப் பொட்டலமும் ஒரு போத்தல் தேங்காய் எண்ணெயும் கொடுத்தார். உப்புத் தண்ணியில் முடி கொட்டிவிடும், தலை முழுக்கத் தேய்த்துக்கொள் என்று கட்டளை. முப்பத்துமூன்று வயசு ஆம்பிளை, கடலடிக்குப் போகிறவன், அம்மா சொன்னதை அப்படியே செய்தேன். அந்த எண்ணெய்தான் என் முதல் எதிரி.

படகிலிருந்து குதித்து ஐந்து மீட்டர் போவதற்குள் கண்ணாடிக்குள் தண்ணீர் ஏறியது. நீச்சல் குளத்தில் வாஸ்லின் காப்பாற்றியது, கடல் ஓட்டத்தில் அது எங்கே போனதோ தெரியவில்லை. கற்றுக்கொடுத்தபடி தலையை நிமிர்த்தி மூக்கால் ஊதினேன். தண்ணீர் போனது. மறுபடி வந்தது, இந்தத் தடவை தலையிலிருந்து இறங்கிய எண்ணெயையும் கூட்டிக்கொண்டு. கண் எரிந்தது. ஊதினேன். வந்தது. ஊதினேன். நாசர் அண்ணே என் கையைப் பிடித்துக் கீழே கொண்டுபோனார். ஊதி ஊதியே சிலிண்டர் காற்றில் பாதியைத் தீர்த்துவிட்டேன்.

அடியில் சேர்ந்ததும் அவர் என் முகத்துக்கு நேரே ஒரு சிலேட்டை நீட்டினார். தண்ணீருக்கடியில் எழுதுகிற சிலேட்டு. அதில் பெரிய எழுத்தில் "இதான்" என்று இருந்தது. அது மட்டும் தெளிவாகத் தெரிந்தது. சிலேட்டுக்குப் பின்னால் இருந்த கப்பல் தெரியவில்லை. என்னமோ கருப்பாக, பெரிசாக, எண்ணெய்ப் படலத்துக்கு அப்பால் நின்றது. அவர் என் கையை எடுத்து அதன்மேல் வைத்தார். கரடுமுரடாக, குளிர்ச்சியாக இருந்தது. அதற்குள் காற்று தீர ஆரம்பித்து, மேலே வந்துவிட்டோம். மற்ற நாலு பேரும் அரை மணி நேரம் கழித்து வந்து, மீன் என்ன, நங்கூரம் என்ன என்று வாய் ஓயாமல் பேசினார்கள். நான் படகின் ஓரத்தில் கண்ணைக் கசக்கிக்கொண்டிருந்தேன்.

சாயங்காலம் தீவில் நாங்கள் தங்கியிருந்த விடுதி வாசலில் நாசர் அண்ணே பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். நாளைக் காலை ஒரு முறைதான் இறங்குவோம், அதற்குப்பின் மழைக்காலம் தொடங்கி இந்தப் பக்கத்துக் கடலையே மூடிவிடுவார்கள் என்றார். அப்பா கேட்ட கேள்வியை அவரிடம் சொன்னேன். அவர் என் மீசையைப் பார்த்தார்.

"மீச திரும்பி வந்துரும் தம்பி. உங்கப்பா கேட்டது திரும்பி வருமா, எனக்குத் தெரியல லா."

விடிந்ததும் எடுத்துவிட்டேன். குளியலறைக் கண்ணாடியில் யாரோ ஒரு பள்ளிக்கூடத்துப் பையன் என்னைப் பார்த்து விழித்தான். உதட்டில் இரண்டு இடத்தில் வெட்டு. குளித்து, கைலி கட்டி, பாவம் தீரட்டும் என்று அம்மா கொடுத்த விபூதியை நெற்றி நிறையப் பூசிக்கொண்டு வெளியே வந்தேன். சாப்பாட்டுக் கூடத்தில் ஓர் இளநீர் கொடுத்தார்கள். அதைக் கையில் வைத்துக்கொண்டு படகுத்துறையில் நின்றேன். தீவில் அங்கே மட்டும்தான் கைப்பேசிக்கு ஒரே ஒரு கோடு சமிக்ஞை வரும். என்னை நானே ஒரு படம் எடுத்துக் குடும்பத்துக் குழுவில் போட்டேன். அடுத்து, "அப்பாகிட்ட சொல்லுங்க, இன்னைக்கு கட்டாயம் பாத்துருவேன்" என்று எழுதிக்கொண்டிருக்கும்போதே அந்த ஒரு கோடும் போய்விட்டது.

அந்தப் படத்தை நீங்கள் ஒருமுறை மனசில் போட்டுப் பாருங்கள். சட்டையில்லாத உடம்பு. ஈரத் தலை. இடுப்பில் கைலி. நெற்றி நிறைய விபூதி. கையில் தலை சீவிய தேங்காய். பின்னால் கடல். மீசை இல்லை. வெட்டுக்காயம் எரிந்ததால் நான் சிரிக்கவும் இல்லை.

சுங்கை பாக்காப்பில் இருக்கும் என் அக்கா சாந்தி அதைப் பார்த்தபோது மணி ஏழரை. உடனே அம்மாவைக் கூப்பிட்டிருக்கிறாள். அம்மா கைப்பேசியைக் குளிர்பெட்டி மேல் வைத்துவிட்டுப் பாசாருக்குப் போயிருந்தார். அது அடித்துக்கொண்டே இருந்திருக்கிறது, பக்கத்திலேயே இருந்த அப்பாவுக்குக் கேட்கவில்லை. தம்பிக்கு மீசை இல்லை, வீட்டில் யாரும் எடுக்கவில்லை. அக்காவுக்கு வேறென்ன தோன்றும்? அழுதபடியே தாசேக் கெலுகோரில் இருக்கும் மாமாவுக்குச் சொல்லிவிட்டு (மாமாவிடம் சொன்னால் போதும், வானொலிக்குத் தனியாகச் சொல்ல வேண்டாம்), நாங்கள் தங்கியிருந்த இடத்து அலுவலகத்தையும் கூப்பிட்டு, அப்பா இறந்துவிட்டார், என் தம்பி அங்கேதான் இருக்கிறானா என்று மலாயில் கதறியிருக்கிறாள்.

நான் முக்குளிப்பு உடையைப் போட்டுக்கொண்டு படகில் ஏறி உட்கார்ந்துவிட்டேன். கருப்பு ரப்பரில், கழுத்திலிருந்து கணுக்கால் வரை இறுக்கிப் பிடிக்கிற உடை. அலுவலகத்து மலாய்க்கார அக்கா ஓடிவந்து ஒரு துண்டுத் தாளைக் கொடுத்தார். சாந்தி அக்கா போனில் சொன்னதை அப்படியே எழுதியிருந்தார். உங்கள் அப்பா இறந்துவிட்டார், உடனே கூப்பிடவும்.

எனக்கு முதலில் வந்த நினைப்பு என்ன தெரியுமா? நான்தான் கொன்றுவிட்டேன் என்பது. ஆறரைக்குக் கத்தி வைத்தேன், எட்டரைக்குச் செய்தி. பொறியியல் படித்தவன், தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் வேலை பார்க்கிறவன், ஒரு நொடிகூட இதைச் சந்தேகப்படவில்லை.

முதலில் போன் பண்ணு தம்பி என்று நாசர் அண்ணே சொன்னது காதில் விழுந்தது. ஆனால் பக்கத்தில் கரைக்குப் போகும் படகு கிளம்பிக்கொண்டிருந்தது. ஒரு நாளைக்கு அது ஒன்றுதான். இந்தப் படகிலிருந்து அந்தப் படகுக்குத் தாவினேன். நாசர் அண்ணே என் பணப்பையையும் கைப்பேசியையும் பின்னாலேயே வீசினார். பணப்பை படகில் விழுந்தது. கைப்பேசி கடலில் விழுந்தது. அந்தப் பயணத்தில் ஒழுங்காக அடிக்குப் போய்ச் சேர்ந்தது அது மட்டும்தான்.

கரைக்கு ஒன்றரை மணி நேரம். பிறகு பட்டர்வொர்த்துக்கு ஏழு மணி நேரம் பேருந்து. அந்த ரப்பர் உடையிலேயே வந்தேன். கழற்றினால் உள்ளே ஒன்றும் இல்லை. பேருந்தில் எல்லோரும் என்னைப் பார்ப்பதும் திரும்புவதுமாக இருந்தார்கள். பக்கத்தில் இருந்த சீனக் கிழவி ஒருவர் எதுவும் கேட்காமல் ஒரு கட்டு டிஷ்யூ கொடுத்தார். யாரிடமாவது கைப்பேசி வாங்கிப் பேசலாம்தான். எனக்கு யாருடைய எண்ணும் மனப்பாடம் இல்லை. இருந்திருந்தாலும் பேசியிருக்க மாட்டேன். யாராவது வாய்விட்டுச் சொல்லாதவரை அது நடக்கவில்லை என்று வைத்துக்கொள்ளலாம் என்று பட்டது.

அந்த ஏழு மணி நேரமும் ஒரே கேள்விதான். அப்பா கேட்டதைப் பார்க்காமலே வந்துவிட்டேனே, யாரிடம் போய் என்ன சொல்வது? அவர் அத்தனை வருஷம் இருட்டில் நின்றதற்கு ஒரு பதில் கொண்டுவரத்தான் போனேன், ஒரு நல்ல பதில். வெறுங்கையோடு வருகிறேன். அழுது அழுது ரப்பர் உடையின் கழுத்துக்குள் தண்ணீர் இறங்கியது.

வீட்டுத் தெருவுக்குள் நுழைந்ததும் இருந்த கொஞ்ச நம்பிக்கையும் போனது. இரண்டு பக்கமும் வரிசையாக நிறுத்திய காடிகள். வாசலில் பிளாஸ்டிக் நாற்காலிகள். மாமாவின் காடி முன்கண்ணாடியில் ஒரு பெரிய மாலை தொங்கியது. வாசற்கதவைப் பிடித்துக்கொண்டு "அப்பா" என்று ஒரு கத்துக் கத்தினேன்.

நாற்காலிக் கூட்டத்துக்கு நடுவில் அப்பா உட்கார்ந்து பகோடா சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

நடந்ததை எனக்குப் பிறகுதான் சொன்னார்கள். காலையில் அக்கா வந்து அப்பாவின் காலில் விழுந்து அழுதிருக்கிறாள். உயிரோடு இருக்கிறார் என்று கண்ணால் பார்த்த பிறகு அழுகை இன்னும் கூடிவிட்டது. அப்பாவுக்கு அவள் சொல்வது ஒன்றும் கேட்கவில்லை. மகள் இப்படி அழுகிறாளே, மாப்பிள்ளைதான் போய்விட்டார் என்று முடிவு கட்டி அவரும் தேம்ப ஆரம்பித்தார். காடியை நிறுத்திவிட்டுச் சாவியோடு உள்ளே வந்த மாப்பிள்ளையைப் பார்த்ததும் பயந்து எழுந்தாராம். முழங்கால் வலி வந்த பிறகு அவர் அவ்வளவு வேகமாக எழுந்தது அன்றுதான். அதற்குள் மாமா மாலையோடு வந்தார், பின்னாலேயே பத்துக் குடும்பம் வந்தது. எல்லோரையும் பார்த்து அப்பாவுக்கு ஒரே சந்தோஷம். வேலையை விட்ட பிறகு அத்தனை பேர் சேர்ந்து அவரைப் பார்க்க வந்ததில்லை. ஒருவரையும் போக விடவில்லை. அம்மா மத்தியானம் இரண்டு உலை வைத்தார்.

நான் ஓடிப்போய் அப்பாவின் கன்னத்தை இரண்டு கையாலும் பிடித்துப் பார்த்தேன். சூடாக இருந்தது. அவர் என் ரப்பர் உடையை மேலும் கீழும் பார்த்தார். பிறகு என் உதட்டைப் பார்த்தார். நாற்காலிகள் எல்லாம் எங்கள் பக்கம் திரும்பின.

"நான் அவசரமா போவணும்னா முன்னாடியே சொல்லியிருக்கலாமில்ல. ரெடியாயிருப்பேன்."

தெருவே சிரித்தது. அம்மா மட்டும் சிரிக்கவில்லை, சாமி அறைக்குப் போய்ச் சூடம் எடுத்துவந்தார். அப்பா சிரிப்பு அடங்கக் காத்திருந்துவிட்டு என்னைப் பக்கத்தில் இழுத்து, கப்பலைப் பார்த்தாயா என்று கேட்டார். தொட்டேன் என்று கையைக் காட்டினேன். அந்தக் கையை வாங்கித் தடவிப் பார்த்தார். நான் நின்ன எடத்துல என்னா இருந்துச்சு என்றார்.

அத்தனை பேர் சுற்றி நின்றார்கள். காலையிலிருந்து அழுததில் எனக்குத் தலை வலித்தது. பார்க்கவில்லை என்று ஒரு வார்த்தை சொல்ல மனசு வரவில்லை. எண்ணெய்ப் படலத்துக்குப் பின்னால் தெரிந்த கருப்பு மட்டும்தான் ஞாபகம் இருந்தது. "இருட்டா இருந்துச்சுப்பா" என்று அவர் காதில் கத்தினேன்.

"அங்கயும் இருட்டுதானா" என்றார் அப்பா. பகோடாத் தட்டைக் கீழே வைத்துவிட்டார்.

அன்றிரவே அம்மா சூடத்தின் மேல் சத்தியம் வாங்கிவிட்டார். அப்பா இருக்கும்வரை இனி மீசையில் கை வைக்கக் கூடாது. மீசையோடு போனால் சிலேட்டைத்தான் பார்க்க முடியும் என்பது எனக்குத் தெரியும். ஆக, அப்பா இருக்கும்வரை கப்பல் இல்லை. ஆறு வருஷம் சொல்லாத அந்த ஒரு வார்த்தையை வயிற்றில் வைத்துக்கொண்டு அதே வீட்டில் சாப்பிட்டேன். ஒருமுறை துணிந்து, எனக்குச் சரியாகத் தெரியவில்லைப்பா, கண்ணாடியில் தண்ணி என்று கத்தி, கையாலும் காட்டினேன். நான் ஆறுதலுக்குச் சொல்வதாக நினைத்துக்கொண்டார். பரவாயில்லடா, இருட்டு எனக்குப் பழக்கம்தான் என்று முதுகில் தட்டினார். நாட்காட்டிப் படத்தை முன்பு மாதிரி அவர் பார்ப்பதில்லை என்று எனக்குத் தோன்றியது. என் குற்ற உணர்ச்சி அப்படிக் காட்டியதாகவும் இருக்கலாம்.

வீட்டில் மற்றவர்களுக்கு அந்த மீசைக் கதை ஒரு விருந்தாகிவிட்டது. அக்கா மகன் தேர்வு முடிவு வருவதற்கு முன்பே தோற்றுவிட்டேன் என்று அழுதால், "ஏன்டா அதுக்குள்ள மீசைய எடுக்குற?" என்பார்கள். மழை வரும் என்று கல்யாணத்தைத் தள்ளி வைக்கலாமா என்று மாமா கேட்டபோது, மீசையை எடுக்காதீங்க மாமா என்று ஒரே குரலாகச் சொன்னார்கள். என் மனைவி கல்யாணம் ஆகி வந்த முதல் வாரமே இந்தக் கதையை ஐந்து பேரிடம் ஐந்து விதமாகக் கேட்டாள். ஒன்றில் நான் பேருந்தில் காலில் நீச்சல் துடுப்போடு வந்தேனாம்.

அப்பா போனது ஒரு பிப்ரவரியில், தூக்கத்தில். இந்த முறை எல்லாம் முறைப்படி நடந்தது. மீசையை எடுத்துவிட்டு நான் வந்து நின்றபோது அக்கா என் உதட்டைப் பார்த்தாள். அழுதுகொண்டே, "இந்தத் தடவ போட்டோ அனுப்பலியா?" என்றாள். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்து, இரண்டு பேரும் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு குலுங்கினோம். மாமா எங்களை முறைத்தார்.

மார்ச்சில் கடல் திறந்ததும் நாசர் அண்ணேயைக் கூப்பிட்டேன். படகுத்துறையில் என் முகத்தைப் பார்த்ததுமே அவருக்கு விளங்கிவிட்டது. தோளில் கையைப் போட்டுக்கொண்டார்.

கண்ணாடி தோலோடு ஒட்டிக்கொண்டது. பதினேழு மீட்டர் வரை ஒரு சொட்டு வரவில்லை. கப்பல் ஒரு பக்கம் லேசாகச் சாய்ந்து கிடந்தது. இரண்டு பக்கமும் இரும்பு விலாக்கள் வரிசையாக நின்றன. மரத்தால் செய்ததெல்லாம் என்றைக்கோ போய்விட்டிருந்தது, மேல்தளமே இல்லை. பின்பக்கமாக, அடியில், ஃபெர்ரியில் அப்பா நின்றிருக்கக்கூடிய இடத்தைத் தேடிப் போய் மணலில் மண்டியிட்டேன். நிமிர்ந்து பார்த்தேன். மூடுவதற்கு மேலே ஒன்றும் இல்லாததால் காலை வெயில் நேராக உள்ளே இறங்கியது. மணல் முழுக்க வெயில். சின்னச் சின்ன மஞ்சள் மீன்கள் அதில் புகுந்து புகுந்து போயின. அப்பா முப்பத்தொரு வருஷம் நின்ற இடத்தில், இந்தக் கப்பலில், இருட்டு இல்லை.

மூடிய கையைத் தலைக்கு மேல் தூக்கி விரித்தேன். மறுபடி விரித்தேன். வெளிச்சம் அப்பா, வெளிச்சம். கண்ணாடிக்குள் தண்ணீர் சேர ஆரம்பித்தது, மீசை மேல் பழி போட முடியாத தண்ணீர். நான் கையைத் தூக்கித் தூக்கி விரிப்பதைப் பார்த்த நாசர் அண்ணே, ஆழத்தில் எனக்குப் புத்தி பிசகிவிட்டது என்று நினைத்து, சிலிண்டரோடு சேர்த்துப் பிடித்து மேலே இழுத்துவந்துவிட்டார். படகில் ஏறியதும் கோபமாக, யாரைக் கூப்பிட்டாய் என்றார். சொன்னேன். துண்டை எடுத்து என் தலையில் போட்டுவிட்டு அந்தப் பக்கம் போய் நின்றுகொண்டார்.

அதற்குப் பிறகு நான் மீசை வளர்க்கவில்லை. நான் போற அன்னைக்கு எடுக்க ஒண்ணும் மிச்சம் வைக்க மாட்டியா என்று அம்மா இன்றும் திட்டுகிறார். ஒவ்வொரு மார்ச்சிலும் போகிறேன். புறப்படுகிற அன்று அக்கா குடும்பத்துக் குழுவில் ஓர் அறிவிப்புப் போட்டுவிடுவாள்: தம்பி கப்பலுக்குப் போறான், எல்லாரும் உயிரோடதான் இருக்கோம், யாரும் மாலை வாங்க வேண்டாம். கீழே போய் அதே மணலில் மண்டியிட்டு, கையைத் தூக்கி விரிக்கிறேன். நாசர் அண்ணே இப்போதெல்லாம் என்னை மேலே இழுப்பதில்லை. கொஞ்சம் தள்ளி நின்று, நான் பேசி முடிக்கும்வரை காத்திருக்கிறார்.